அவள் பட்ட கஷ்டத்தை மேடையில் சொல்லலாமா?

கேள்வி: பத்தாம் வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி போன தை மாதம் இறந்துவிட்டாள். சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவள். பள்ளி விட்டதும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் பற்றவைக்கப் போவாள். பிறகு சொந்தப் பட்டறை வைத்து, தானே வரைந்த கொலுசுகளை நான்கு பெண்களைக் கொண்டு செய்து விற்றாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா மட்டும் இருக்கிறார். அடுத்த மாதம் எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்காட்டில் கூடுகிறோம். அங்கே அவளுக்கு அஞ்சலி. நான் பேச வேண்டுமாம். ‘வறுமையை வென்ற வீரமங்கை’ என்று பேனர் அடிக்கிறார்கள். அவள் வரைந்த நோட்டைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடவும், பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவிக்கு அவள் பெயரில் பரிசு தரவும் திட்டம். அவளோ பழைய கதையை யாரிடமும் சொன்னதில்லை. நான் என்ன பேசுவது? இன்னொன்று: அவளிடம் வாங்கிய கொலுசுக்கு 3,200 ரூபாய் பாக்கி இருக்கிறது. இப்போது போய் அம்மாவிடம் நீட்டினால் தப்பாக நினைப்பாரா?
— பெயர் வேண்டாம், சேலம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலையாக அந்த பேனரை நிறுத்துங்கள். ‘வறுமையை வென்ற’ என்று எழுதினால் பார்ப்பவர் கண்ணில் முதலில் விழுவது வறுமைதான். உயிரோடு இருந்தவரை அவர் வாய் திறந்து சொல்லாத ஒன்றை, மறுக்க ஆள் இல்லாத நேரத்தில் எட்டடி அகலத்துக்கு அச்சடிப்பது என்ன நியாயம்? நம் ஊர் இரங்கல் கூட்டங்களில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. கஷ்டத்தை எவ்வளவு பெருக்கிச் சொல்கிறோமோ அவ்வளவு கைதட்டல். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பந்திக்குப் போவார்கள். செத்துப்போனவர் அப்படி என்னதான் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

நீங்கள் அதைச் சொல்லுங்கள். என்ன செய்தார் என்பதை.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த கொலுசுப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் போடுகிற சிக்குக் கோலம் மாதிரி கம்பி வளைந்து வளைந்து போய், தன்னையே சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. சலங்கை ஒன்றே ஒன்று, அதுவும் கொக்கிக்குப் பக்கத்தில், புடவைக் கரைக்குள் மறைகிற இடத்தில். ஆபீஸ் போகிற பெண்களுக்காக யோசித்தது என்று எழுதியிருந்தீர்கள். கொலுசு போட ஆசை, ஆனால் நடந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்களே என்ற கூச்சம். இப்படி எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்! அவர்களுடைய கால்களை ஒருத்தி உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது உங்கள் வகுப்பில் வெள்ளித் தொழில் தெரியாதவர்களுக்குப் புரியாது. சேலத்தில் ஒரு ஜோடிக் கொலுசு ஒரே கையில் உருவாவதில்லை. ஒருவர் வெள்ளியை உருக்கிக் கம்பி இழுப்பார், இன்னொரு வீட்டில் சலங்கை தயாராகும், வேறொரு வீட்டில் பற்றவைப்பார்கள், கடைசியில் மெருகு போட இன்னோர் இடத்துக்குப் போகும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று தெருத் தெருவாக இந்த வேலை நடக்கிறது. வெள்ளியைக் கொடுத்து வேலை வாங்குகிற வியாபாரி ‘இந்த மாடல்தான் ஓடுகிறது, இதையே செய்’ என்பார். கூலி பெரும்பாலும் எடைக்கு. அப்படியென்றால் கனமான கொலுசு செய்கிறவருக்கு லாபம். மெல்லிய கம்பியில் நுணுக்கமாகச் செய்தால் நேரம் போகும், கூலி தேறாது. உங்கள் தோழி சொந்தப் பட்டறை வைத்த பிறகு இந்தக் கணக்கைத் தலைகீழாகப் புரட்டியிருக்கிறார். எடைக்கு விற்காமல் வடிவத்துக்கு விற்றிருக்கிறார். அவரால் எப்படி முடிந்தது? பற்றவைக்கிற இடத்தில் உட்கார்ந்து பழகியவர் என்பதால்தான் என்று நினைக்கிறேன். இணைப்பில் வெண்காரம் தடவி, பற்றவைக்கிற பொடி வைத்து, தீயைக் காட்டுகிற அந்த நொடி அவருக்குத் தெரியும். ஒரு நொடி அதிகமானாலும் மெல்லிய கம்பி உருகி ஓடிவிடும். எவ்வளவு மெலிதாகப் போகலாம் என்பது காகிதத்தில் மட்டும் வரைகிறவருக்குத் தெரியாது.

பார்த்தீர்களா, சின்ன வயதில் அவர் வேலைக்குப் போனது இங்கே தானாக வந்துவிட்டது. இரக்கம் கேட்டு வரவில்லை, தொழில் கற்ற இடமாக வந்தது. பேச்சில் இந்த அளவுக்குத்தான் வர வேண்டும். இதற்கு மேல், அப்பா எப்படிப் போனார், வீட்டில் என்ன இல்லை, யார் உதவவில்லை என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் சொத்து. அம்மா அனுமதித்தால் சொல்லுங்கள். போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். பேசப்போவதை எழுதி எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுங்கள். எந்த வரியிலாவது அவர் முகம் சுருங்கினால் அங்கேயே அடித்துவிடுங்கள், விளக்கம் கேட்க வேண்டாம்.

அப்புறம், ஏற்காட்டில் அஞ்சலி எதற்கு? இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி அந்த அம்மா வருவாரா? பட்டறையில் வேலை பார்த்த நான்கு பெண்களுக்கும் அன்று லீவு கிடைக்குமா? நடுவயதுத் தோழியைப் பள்ளி நாட்களோடு நிறுத்திவிட்ட உங்களைவிட அவரை நன்றாக அறிந்தவர்கள் அந்த நான்கு பேர்தான். அஞ்சலியைச் சேலத்திலேயே ஒரு சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரையாவது பேசச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கூலி பாக்கி ஏதும் நிற்கிறதா என்று விசாரித்து, நின்றால் பரிசுத் திட்டத்துக்கு முன்னால் அதைத் தீர்க்க அம்மாவுக்குத் துணையாக நில்லுங்கள். ஏற்காட்டுக்கு மறுநாள் போங்கள், போட்டில் ஏறுங்கள், சிரியுங்கள். அதில் தப்பே இல்லை.

நோட்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அதைப் படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வெளியே தெரிந்துவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய முடியாது. அவர் செய்து விற்ற மாடல்களுக்கு இனி அந்த வழி அநேகமாக இல்லை. ஆனால் வரைந்து வைத்து இன்னும் செய்யாதவை அந்த நோட்டில் இருக்கும் அல்லவா? அவற்றைப் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு உரிமை கிடைக்கும். நீங்கள் பாசத்தோடு போடுகிற ஒரு ஃபேஸ்புக் பதிவு அதைக் கெடுத்துவிடும். உயில் எழுதவில்லை என்றால் அவருக்கு வாரிசு அம்மாதான். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் வாங்கவும், இந்த மாதிரி பதிவுகள் தெரிந்த ஒரு வக்கீலைப் பார்க்கவும் உங்கள் வகுப்பில் யாராவது கூட்டிப்போகலாம். நோட்டை விலைக்குக் கேட்டு யாராவது வந்தாலும் வரலாம். வக்கீலைப் பார்க்கும் வரை ஒரு பக்கம்கூடக் கைமாற வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள். மாலை மரியாதையைவிட இந்த அலைச்சல் அவருக்கு உபயோகம்.

பரிசு. முதல் மதிப்பெண் வாங்குகிற பெண்ணுக்குப் பரிசு தர ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் தோழி கணக்கில் தவறி அக்டோபரில் மறுபடி எழுதியதாக நீங்களே வேறொரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்! அவர் பெயரில் ரேங்க் பரிசு கொடுத்தால் அவரே சிரிப்பார். அரசுத் தேர்வுகள் துறை நடத்துகிற தொழில்நுட்பத் தேர்வில் ஓவியப் பாடத்தை லோயர், ஹையர் என்ற இரண்டு நிலைகளில் எழுத விரும்பும் பெண் பிள்ளைகளுக்குத் தேர்வுக் கட்டணமும் டிராயிங் ஷீட்டும் வாங்கிக் கொடுங்கள். பெரிய தொகை ஆகாது, வருடா வருடம் செய்ய முடியும். பெரிதாக ஆரம்பித்து மூன்றாம் வருடம் வசூல் நின்றுபோகிற அறக்கட்டளைகளை நானும் நிறையப் பார்த்துவிட்டேன்.

மேடையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். அந்தக் கொலுசைக் கையோடு எடுத்துப்போங்கள். பேசும்போதே சபையில் கைமாறிப் போகட்டும்.

கடைசியாக, அந்த 3,200 ரூபாய். தாராளமாகக் கொடுங்கள், அம்மா தப்பாக நினைக்க மாட்டார். உங்களிடம் பில் இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள். வெள்ளி எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), கூலி என்று தனித்தனியாகப் போட்டிருப்பார். அவர் எப்படி வியாபாரம் செய்தார் என்று அம்மாவும் பார்க்கட்டும். வெள்ளி விலை ஏறிவிட்டதே, ஐயாயிரமாகக் கொடுக்கலாமா என்று தோன்றும். வேண்டாம். பில்லில் உள்ள பாக்கியை மட்டும் கொடுங்கள். கூடக் கொடுத்தால் அது உதவி ஆகிவிடும். இது அவர் சம்பாதித்த பணம். உங்கள் பேச்சைப் படித்துக் காட்டப் போகிற அன்றைக்கே, பேப்பரை எடுப்பதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள்.