சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருப்பவர்கள் நடைப்பயிற்சி செய்யலாமா? நடந்தாலே மூச்சு வாங்குகிறதே?

தாராளமாகச் செய்யலாம். எனக்கும் சிஓபிடிதான், ஆறு வருடமாக. முதல் இரண்டு வருடம் மூச்சு வாங்கினால் நுரையீரல் இன்னும் கெட்டுவிடும் என்று பயந்து நாற்காலியே கதி என்று கிடந்தேன். கடைசியில் குளியலறைக்குப் போய் வருவதற்கே இரைத்தது.

பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான் புரிந்தது, கோளாறு நுரையீரலில் மட்டும் இல்லை, காலிலும் இருக்கிறது என்று. உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை மெலிந்துவிடும். மெலிந்த தசை சின்ன வேலைக்கே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும், அதை ஈடுகட்ட உடம்பு இன்னும் அதிக மூச்சைக் கேட்கும். நடைப்பயிற்சி சரிசெய்வது இந்தத் தசையைத்தான். மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் என் எண்கள் இன்றைக்கும் பழையபடியேதான் இருக்கின்றன, அதில் ஏமாற வேண்டாம்.

முதலில் ஆறு நிமிட நடைச் சோதனை வைத்தார்கள். 30 மீட்டர் நடைபாதையில் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்பார்கள். நடுவில் நிற்கலாம், கடிகாரம் மட்டும் நிற்காது. நான் 240 மீட்டர் நடந்தேன், அதாவது நிமிடத்துக்கு 40. அதில் 80 சதவீதம், நிமிடத்துக்கு 32 மீட்டர், என் பயிற்சி வேகம் ஆனது. இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. 'முடிந்த அளவு நடங்கள்' என்று சொல்லியிருந்தால் நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன்.

தொடர்ந்து நடக்க முடியாதபோது இரண்டு நிமிடம் நடை, ஒரு நிமிடம் ஓய்வு. வாரத்தில் ஐந்து நாள். பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்ல மெல்ல 30 நிமிடம் வரை கூட்டினோம். மூச்சுத்திணறலுக்கு 0 முதல் 10 வரை நாமே மதிப்பெண் போட வேண்டும். 3, 4 இருந்தால் சரியான வேகம். 1 என்றால் உலாத்துகிறோம் என்று அர்த்தம்.

நடக்கும்போது மூக்கால் இழுத்து, விசில் அடிப்பதுபோல உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே விடுங்கள். நமக்குக் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரிய பாடு. அவசரப்பட்டால் பழைய காற்று உள்ளேயே தங்கி, புதுக் காற்றுக்கு இடமில்லாமல் போகும். ரொம்ப இரைத்தால் முன்னால் சாய்ந்து, கையை எதிலாவது ஊன்றி நில்லுங்கள். சக்கரம் வைத்த வாக்கரும் இதே காரணத்தால்தான் உதவுகிறது. (வெட்கமாகத்தான் இருந்தது. ஒரே வாரத்தில் பழகிவிட்டது.)

எட்டு வாரம் கழித்து அதே சோதனையில் 285 மீட்டர் வந்தது. 30 மீட்டர் கூடினாலே உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வார்களாம். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறியது.

ஆனால் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள், இதயமும் பார்க்கப்பட வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அப்படியே நிறுத்திவிடுங்கள். விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 88 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலும் எனக்கு நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சளி, காய்ச்சல் என்று நோய் முற்றினால் விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. போன தடவை மூன்று வாரம் படுத்து எழுந்தபோது நான் மறுபடி ஐந்து நிமிடத்திலிருந்துதான் தொடங்கினேன்.