நாடகக் காட்சியை வரைஞ்ச பழைய இங்கிலீஷ் ஓவியங்களைப் பார்த்தா ஒண்ணும் புரியலையே, அதை எப்படி ரசிக்கிறது?

எனக்கும் ரொம்ப நாள் புரியல. பழைய காலத்து கோட்டு போட்ட நாலு பேரு, ஒரு பொண்ணு, இதுல என்ன இருக்குன்னு ஸ்க்ரோல் பண்ணிட்டு போயிடுவேன். ஒரே ஒரு படத்தால தான் மாறினேன், வில்லியம் பவல் ஃப்ரித்ங்கிற இங்கிலீஷ் ஓவியர் 1850ல வரைஞ்சது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு (லீட்ஸ் ஊரு துணி வியாபாரக் குடும்பத்துக்காரர் ஷீப்ஷாங்ஸ் 1857ல தன் கலெக்ஷனையே குடுத்தாரு, அதோட வந்தது). ஹனிவுட்ங்கிறவன் கடனுக்காக தன்னைப் பிடிக்க வந்த கோர்ட் அமீனாவையும் அவன் கையாளையும் மிஸ் ரிச்லாண்டுகிட்ட "என் ஃப்ரெண்ட்ஸ்"னு அறிமுகப்படுத்துறான், படம் அவ்ளோதான்.

18ம் நூற்றாண்டு எழுத்தாளர் ஆலிவர் கோல்ட்ஸ்மித் எழுதின 'த குட் நேச்சர்ட் மேன்' நாடகத்துல வர்ற சீன் இது. ஹனிவுட் யார் எது கேட்டாலும் தூக்கிக் குடுத்துட்டு கடன்ல மூழ்கின ஆளு. அமீனா வீட்டுக்குள்ள உக்காந்திருக்கான், அந்த நேரம் பார்த்து அவன் விரும்புற மிஸ் ரிச்லாண்ட் வர்றா. மானம் போகக்கூடாதேன்னு அந்த கையாள் ஃப்ளானிகனுக்கு தன் கோட்டையே மாட்டி விடலாம்னு வேலைக்காரன்கிட்ட கேக்குறான். "ப்ரௌன் சில்வர் கோட்டு எங்கடா?"ன்னு ஹனிவுட் கேட்டா, "அதை கவிதை எழுதிட்டு பிச்சை கேட்டு வந்தவருக்கு நீங்களே குடுத்துட்டீங்களே"ங்கிறான் வேலைக்காரன். "சரி அந்த வெள்ளை தங்கக்கலர்?" "அது நல்லாயில்லன்னு நானே வித்துட்டேங்க." "சரி கைக்கு வந்ததை எடு, நீலம் தான் ஃப்ளானிகனுக்கு எடுப்பா இருக்கும்!" இதைப் படிச்சப்புறம் படத்துல அந்த கையாளைப் பாருங்க, சிரிக்காம இருக்க முடியாது.

அப்புறம் மிஸ் ரிச்லாண்ட், இவங்க கடற்படை ஆபீசர்ஸான்னு கேக்குறா. ஹனிவுட் இழுத்து இழுத்து, அப்பப்போ ஃப்ளீட்ல வேலை பார்ப்பாங்க, ஆபத்தான வேலைங்கிறான். ஃப்ளீட்னா கப்பற்படையும் தான், லண்டன்ல கடன்காரங்களை அடைச்சு வச்ச ஜெயிலுக்கும் அதே பேரு தான். அந்த ஜெயில் 1842ல மூடி 1846ல இடிச்சது, அதனால 1850ல படத்தைப் பார்த்தவங்களுக்கு அந்த ஜோக் இன்னும் சூடா இருந்திருக்கும். நமக்கு எப்படி தெரியும்? படத்துக்கு வாய் கிடையாதே, அங்கதான் நம்ம மாட்டிக்கிறோம்.

எனக்கு ரொம்ப பிடிச்சது வேற விஷயம். 1768 ஜனவரில லண்டன் கோவென்ட் கார்டன் தியேட்டர்ல முதல் நாள் நாடகம் போட்டப்போ, இதே அமீனா சீன் தான் "ச்சே, தரம் கெட்டது"ன்னு ஆடியன்ஸ் சத்தம் போட்டு மேடையை விட்டே தூக்க வச்சாங்க. கோல்ட்ஸ்மித் அன்னைக்கு ராத்திரி நண்பர்களோட உக்காந்து, கிழவியை போர்வைல வச்சு நிலாவை விட 17 மடங்கு உயரத்துக்கு தூக்கிப் போட்ட பாட்டெல்லாம் பாடிட்டு, அவங்க போனதும் அழுதிருக்காரு, பின்னாடி அவரே ஒத்துக்கிட்டாரு. அச்சு புக்ல மட்டும் சீனை திரும்ப சேர்த்துட்டாரு. அப்படி துரத்தின சீனை 82 வருஷம் கழிச்சு ஃப்ரித் கௌரவமான வீட்டு ஹால்ல மாட்டுற படமா வரைஞ்சிருக்காரு பாருங்க.

ஃப்ரித்துக்கு தன் காலத்து தொப்பியும் பேண்ட்டும் அசிங்கமா தெரிஞ்சதால தான் ரொம்ப நாள் பழைய நாடகம், நாவல்னே ஓட்டினாரு. அப்புறம் துணிஞ்சு தன் காலத்தையும் வரைய ஆரம்பிச்சாரு, 1862ல ரயில்வே ஸ்டேஷன் படம் போட்டாரு, அதோட ஒரு ஓரத்துல ரயில் ஏறப்போறவனை ரெண்டு டிடெக்டிவ் பிடிக்கிறாங்க, அதுக்கு நிஜ டிடெக்டிவ்களையே போஸ் குடுக்க வச்சாரு. அமீனா சீனை விட்டு மனுஷன் முழுசா வெளிய வரலைன்னு தான் எனக்குத் தோணும், இது என் அபிப்பிராயம்.

உங்க கேள்விக்கு சிம்பிளா சொன்னா, தலைப்புல நாடகத்து பேரு இருந்தா முதல்ல அந்த சீனை மட்டும் தேடிப் படிங்க. இந்த நாடகம் நெட்ல ஃப்ரீயாவே கிடைக்கும், மூணாவது அங்கம் ஆரம்பத்துலயே இந்த சீன் வந்துடும்.