செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் நொடித்தது எப்படி? கேள்வி பதில்

கே: தாத்தா சேர்த்ததைப் பேரன் ஆடம்பரத்தில் அழித்தான். அவ்வளவுதானே ஐயா?

ப: கல்யாணச் செலவில் மட்டும் ஒரு பெட்டியடி, அதாவது வட்டிக்கடை, கவிழாது. 1930 வாக்கில் பர்மாவில் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகள் சுமார் 1,650, போட்ட முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்ய, போனவர்களுக்கு வேண்டியது வட்டி, வயல் இல்லை. நெல் விலை விழுந்ததும் கடனுக்கு ஈடாக வயல்தான் வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு ஏக்கர் இவர்கள் கையில். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால் பங்கு. ஐந்தொகையில், அதாவது சொத்து, கடன் காட்டும் கணக்கில், சொத்து ஏறியிருக்கும், பெட்டியில் காசு இருக்காது. வாங்க ஆளில்லாத வயலை யாரிடம் தள்ளுவது? 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. 1948-ல் நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துக் கணக்கு ஏடு வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள்.

கே: பர்மா நிலத்துக்கு இனி ஏதாவது கிடைக்குமா?

ப: நான் வக்கீல் இல்லை.

கே: பர்மிய விவசாயி நிலம் பறிபோனதைச் சொல்லவே இல்லையே?

ப: நியாயமான கேள்வி. அவர் தன் வயலிலேயே குத்தகைக்காரர் ஆனார், கோபம் வராமல் என்ன செய்யும்? 1930-களில் இந்தியர்மேல் பாய்ந்த கலவரங்களில் அந்தக் கோபமும் உண்டு.

கே (அவரே): அப்படியானால் நொடித்தது சரிதான் என்கிறீர்களா?

ப: சரி, தப்பு என்று நான் சொல்லவில்லை. நிலம் போனவரும் நொடித்தார், நிலம் வந்தவரும் நொடித்தார். விலை விழுந்தால் இரண்டு பக்கமும் அடிதான். அப்புறம், எல்லாச் செட்டியாரும் முதலாளி இல்லை. சம்பளத்துக்குப் போன மேலாளும் (கடையை நடத்துபவர்) அடுத்தாளும் (அவருக்கு உதவியாள்) அதிகம்.

கே: ஆச்சி ஒருவர், தேவகோட்டை. வீட்டை ஏன் பராமரிக்க முடியவில்லை?

ப: பங்காளிகள், ஆச்சி. நான் பார்த்த ஒரு வீட்டில் வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி அறைக்கு ஒரு பூட்டு, பூட்டுக்கு ஒரு சொந்தக்காரர். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். முகப்பில் தேக்குத் தூண் கும்மென்று நிற்கிறது. பட்டாலை என்ற கூடத்தின் ஓடு ஒழுகுகிறது, தூண் அடியில் அண்டா வைத்திருக்கிறார்கள். ஓடு மாற்ற எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஏட்டை மட்டும் பத்திரமாக வையுங்கள்.

கே: பர்மா நிலத்துக்கு இழப்பீடு...

ப: மேலே சொல்லியாயிற்று.

கே: தூண் என்ன விலை போகும்?

ப: காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேளுங்கள். ஏட்டை அவர்களிடம் காட்டாதீர்கள்.