பழைய கட்டடத்தின் அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒட்டி ஒரே படமாக்கி, "எப்படி இருக்கு?" என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வது?

"அருமை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். அடுத்த படத்தையும் அதே தப்போடு எடுத்துக்கொண்டு வருவார், அவ்வளவுதான். நான் முதலில் மூலப் படங்கள் இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிவிடுவேன். எதைக் கணினியில் சரிசெய்யலாம், எதற்கு மறுபடி அந்த இடத்துக்கே போகவேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

என் சித்தி மகன் மதுரைக்காரன். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1858-இல் எடுத்த திருமலை நாயக்கர் மகால் படம் ஒன்றை இறக்கி, தன் செல்போன் படத்தோடு ஒட்டி அனுப்பியிருந்தான். இடது பாதி பழசு, வலது பாதி புதுசு. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே பாராட்டு. எனக்குத் தூண்கள் உறுத்தின. மூலப் படங்களை அருகருகே வைத்துப் பார்த்தேன். பழையதில் இரண்டு முன்வரிசைத் தூண்களுக்கு நடுவே பின்தூண் ஒன்று முழுசாகத் தெரிகிறது. இவன் படத்தில் அதே தூண் பாதி ஒளிந்திருக்கிறது. நின்ற இடம் தப்பு. ஜூம் செய்தாலும் தீராது.

"போட்டோஷாப்பில் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதாதா அண்ணே?"

பின்தூணை இழுத்தால் முன்தூணும் கூடவே வளையும். "அந்த இடைவெளி பழைய படத்தில் இருக்கிற அளவுக்கு வரும்வரை பக்கவாட்டில் நகர்ந்து பார்" என்றேன். செல்போனை அண்ணாந்து பிடித்ததில் தூண்கள் மேலே போகப் போக உள்ளே சாய்ந்திருந்தன. அதைக் கணினியிலேயே ஓரளவு நிமிர்த்தலாம்.

நிறத்துக்கு, படம் முழுக்கப் பழுப்புப் பூசியிருந்தான். அந்தக் கால நெகட்டிவில் நீல ஒளிதான் நன்றாகப் பதியும். வானம் வெளுத்துவிடும், மஞ்சளும் சிவப்பும் இருண்டுவிடும். பழுப்பை எடுத்துவிட்டு, புதுப் படத்தின் ப்ளூ சேனலை, அதாவது அதில் நீல ஒளி பதிந்த பகுதியை மட்டும் கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னேன். ஐந்து நிமிட வேலை. சுவரின் மஞ்சள் பூச்சு சற்று இருண்டதும் இரண்டு பாதியும் ஒட்டிக்கொண்டன.

ஒன்றுக்கு மட்டும் திட்டினேன். டிரைப் வந்தபோது மகால் சிதைந்து கிடந்தது. பிறகு சென்னை மாகாண கவர்னர் நேப்பியர் காலத்தில்தான் பழுதுபார்த்தார்கள். ஒட்டில் இடிந்த வளைவும் செப்பனிட்ட வளைவும் பொருந்தாமல் நிற்க, இவன் இடிபாட்டின் மேல் புது வளைவை நகலெடுத்துப் பூசி மறைத்துவிட்டான். ஒலி ஒளிக் காட்சிக்குப் போட்டிருந்த நாற்காலிகளையும் காணோம்! "இடிபாட்டையும் மறைத்து நாற்காலியையும் அழித்துவிட்டால் அப்புறம் எது 1858, எது இன்றைக்கு?" என்றேன். இரண்டும் திரும்ப வந்தன. (ஒட்டுவதில் ஒன்றும் பாவமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டை டிரைப்பே 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார்.)

போன ஞாயிறு மறுபடி போய் எடுத்து அனுப்பினான். பின்தூண் வெளியே வந்துவிட்டது. நிழல்தான் எதிர்ப்பக்கம் விழுகிறது. மதியத்துக்குப் பதில் காலையில் போகச் சொல்லியிருக்கிறேன். "இன்னொரு டிக்கெட்டா அண்ணே?" என்கிறான்.