கடையில் வாங்கவா, போனில் தட்டவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் 22 வருடமாக மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். விற்பதும் நான்தான், பழுது பார்ப்பதும் நான்தான். ஆன்லைனில் சாமான் வாங்குவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொன்னேன். வந்ததில் சிலவற்றுக்கு இங்கே பதில். கடைக்காரன் பேச்சு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டே படியுங்கள்.

அண்ணே, 43 அங்குல டிவி உங்களிடம் விலை கேட்டேன். ஆன்லைனில் அதே மாடல் 150 வெள்ளி (ரிங்கிட்) குறைவு. எங்களிடம் அடிக்கிறீர்களா?

இல்லை தம்பி. 11.11 (நவம்பர் 11) மாதிரி ஆன்லைன் தள்ளுபடி நாளில் அங்கே விற்கிற விலை, சில மாடலுக்கு நான் மொத்தத்தில் எடுக்கிற விலையைவிடக் குறைவு. மாதம் மூன்று டிவி எடுக்கிறவனுக்கும் கண்டெய்னர் கணக்கில் எடுக்கிறவனுக்கும் ஒரே விலை கிடைக்காது. ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: அது மலேசியா செட்டா, ஏபி செட்டா? ஏபி செட் என்றால் அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக வராத சாமான். வாரண்டி விற்றவரோடு சரி, கம்பெனி சர்வீஸ் சென்டர் கை கழுவிவிடும்.

டிவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். இப்போது மைஃப்ரீவியூ என்ற இலவச டிஜிட்டல் ஒளிபரப்பு, டிவிபி-டி2 முறையில் வருகிறது. வேறு நாட்டுக்குச் செய்த செட்டில் அந்த ட்யூனர் இல்லாவிட்டால் தனியாக டீகோடர் வாங்க வேண்டும். உங்கள் 150 வெள்ளியில் பாதி அங்கேயே போய்விடும்.

எல்லாம் சரியாக இருந்தால் போனில் அந்த விலையை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். முழுதாக இறங்க முடியாது, பாதி இறங்குவேன். வீட்டுக்குக் கொண்டுவந்து சுவரில் மாட்டி, ஆன்டெனாவும் சரிபார்த்துத் தருவேன்.

எதை ஆன்லைனில் வாங்கினால் பயமில்லை?

போன் கவர், கேபிள், மவுஸ், மெமரி கார்டு. இதையெல்லாம் நானே அங்கேதான் வாங்குகிறேன். (மெமரி கார்டு மட்டும் பிராண்டின் சொந்தக் கடையில் வாங்குங்கள். போலி நிறைய.)

சுவரில் செருகுகிற சாமான் என்றால் சிரிம் லேபிள் (தரச் சோதனை முத்திரை) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு அக்கா 29 வெள்ளி கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தார். தட்டையான இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது, கூடவே ஒரு மாற்றுப் பிளக். நம் ஊர் பிளக் மூன்று சதுர முள், உள்ளே ஃபியூஸ். தோட்டத்து லாயன் வீட்டு (தொழிலாளர் வரிசை வீடு) வயரிங் எவ்வளவு பழசு என்று எல்லாருக்கும் தெரியும். அதில் எர்த் இல்லாத கெட்டிலா? பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். என்னிடம் ஒன்று வாங்குவார் என்று நினைத்தேன், வாங்கவில்லை.

வெளிநாட்டுச் சாமானுக்கு வரி வந்துவிட்டதாமே?

ஆமாம். 1.1.2024 முதல், 500 வெள்ளிக்கு மேற்படாத இறக்குமதிச் சாமானை ஆன்லைனில் விற்றால் 10 விழுக்காடு விற்பனை வரி. எங்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது, அவ்வளவுதான்.

வாஷிங் மெஷின் மூன்றே மாதத்தில் நின்றுவிட்டது. விற்றவர் மெசேஜுக்குப் பதில் போடுவதில்லை. என்ன செய்வது?

பில், பேசிய மெசேஜ், விளம்பரப் பக்கம் எல்லாவற்றையும் முதலில் படம் பிடித்து வையுங்கள். பக்கம் நாளைக்கே காணாமல் போகலாம். கம்பெனி வாரண்டி இருந்தால் விற்றவரை விட்டுவிட்டு நேராகக் கம்பெனிக்குப் போன் போடுங்கள். அதுவும் இல்லையென்றால் பயனீட்டாளர் திரிபியூனல் (வாங்கியவர் புகாரை விசாரிக்கும் மன்றம்) இருக்கிறது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சாமான் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். 'விற்ற சாமான் திரும்பப் பெறப்படாது' என்று எழுதி ஒட்டினாலும் அந்த உரிமை போகாது. இது எங்களைப் போன்ற கடைகளுக்கும் சேர்த்துத்தான். என் கல்லாவுக்கு மேலேயும் அப்படி ஓர் அட்டை தொங்கியது, கழற்றிவிட்டேன்.

சிரமம் எங்கே என்றால், விற்றவர் வெளிநாட்டில் இருந்தால் வழக்கில் யாரைப் பிடிப்பது? அதனால்தான் பெரிய சாமான் வாங்கும்போது விற்பவரின் பெயர், பதிவு எண், முகவரி போட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். ஓட்டிப் பார்க்கும்வரை 'சாமான் கிடைத்தது' பட்டனை அழுத்த வேண்டாம். அழுத்தினால் பணம் அவர் கைக்குப் போய்விடும்.

இடி விழுந்து டிவி போனால் வாரண்டி உண்டா?

பெரும்பாலும் கிடையாது, எங்கே வாங்கியிருந்தாலும். மழை இருட்டும்போதே பிளக்கையும் ஆன்டெனா வயரையும் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் தட்டினால் போதாது.

உங்கள் கடையில் பார்த்துவிட்டு ஆன்லைனில் வாங்கினால் கோபம் வருமா?

வரும். சாயங்காலம் போய்விடும். ஒருவர் அரை மணி நேரம் ஸ்பீக்கரைக் கேட்டுவிட்டு, என் கண் முன்னாலேயே போனில் ஆர்டர் போட்டார். ரெண்டு வாரம் கழித்து அதே ஸ்பீக்கரோடு வந்தார், ஒரு பக்கம் சத்தம் வரவில்லை. சரி செய்து கொடுத்தேன். கூலியில் மட்டும் தள்ளுபடி கிடையாது.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது அங்கிள். புதிது ஆன்லைனில் 109 வெள்ளி. வாங்கிவிடவா?

பொறும்மா. ஐந்தில் வைத்தாலும் மெதுவாகத்தான் சுற்றுகிறதா? பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சாமான் சில வெள்ளிதான். ஃபேனோடு சுவரில் இருக்கிற ரெகுலேட்டரையும் கொண்டு வா. கழற்றும்முன் மெயின் சுவிட்சை ஆஃப் செய்துவிடு. ஞாயிறு ஒரு மணி வரை இருப்பேன்.