தெரியும் தூரத்தில் பாதி

வணக்கம்.

மலைப்பாதைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பெரிய சாலையை விட்டு விலகி, உள்பாதைகளில் பைக்கில் தனியாகப் போய்வர வேண்டும் என்று நெடுநாள் ஆசை. துணையில்லாமல் போகாதே என்கிறார்கள் வீட்டில். சமவெளியில் நன்றாகவே ஓட்டுவேன். கொண்டையூசி வளைவு என்றால்தான் கை கால் உதறுகிறது. இறக்கத்தில் இன்னும் மோசம். தனியாகப் போக நினைப்பது அசட்டுத் துணிச்சலா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இல்லை. ஒரு விஷயத்தில் கூட்டமாகப் போவதைவிடத் தனியாகப் போவது பத்திரம்கூட. முன்னால் போகிறவர் வளைவை வேகமாக எடுத்தால் நம் கையும் தானாக ஆக்ஸிலரேட்டரைத் திருகும். தனியாகப் போனால் அந்த இழுப்பு கிடையாது. பாதை பிடிக்கவில்லையென்றால் யாரையும் கேட்காமல் திரும்பிவிடலாம். வீட்டாரின் பயமும் நியாயமே. எந்த வழி, எத்தனை மணிக்குள் கூப்பிடுவீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் விழுந்தால் தேடி வருகிறவர்களுக்கு அதுதான் தடயம்.

மலைச்சாலை வளைவது ஏற்றத்தின் செங்குத்தைக் குறைக்க. ஆல்ப்ஸ் மலையின் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1820க்கும் 1825க்கும் இடையில் போடப்பட்டது. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டையூசிகள். குதிரை வண்டிக் காலத்துச் சாலை அது. நம் வேகத்தை யாரும் கணக்கில் வைத்திருக்க முடியாது. உள்பாதைகள் பலவும் இப்படித்தான்.

அதனால் என் கணக்கு ஒன்றுதான்: கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்த முடிகிற வேகம். குறுகிய பாதையில் மறுபாதி எதிரே வருகிறவருக்கு வேண்டும். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதை மறக்கவேண்டாம். சாலையின் இரு ஓரங்களும் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரியும் இடத்தைப் பாருங்கள். அது நம்மைவிட்டு விலகிக்கொண்டே போனால் வளைவு விரிகிறது. நம்மை நோக்கி நெருங்கினால் இறுகுகிறது. பிரேக்கை வண்டி சாய்வதற்கு முன்பே பிடித்து முடித்துவிடுங்கள். வளைவின் உள்பக்கம் பெரும்பாலும் மணல் கிடக்கும். லாரியின் பின்சக்கரம் ஓரமண்ணை ஏறி மிதித்து இழுத்துப் போட்டது. அதையே உற்றுப் பார்த்தீர்களோ, வண்டி நேராக அங்கேதான் போகும். போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

கை கால் உதறுவது பெரும்பாலும் ஏற்றக் கொண்டையூசியில், வண்டி நடுவழியில் அணைந்துவிடுமோ என்ற பயத்தால். முதல் கியர், பாதி கிளட்ச், பின் பிரேக்கில் காலை லேசாக வைத்து, கழுத்தை நன்றாகத் திருப்பி வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். காலி மைதானத்தில் ஒரு மணி நேரம் வட்டமடித்துப் பழகினால் பாதி உதறல் போய்விடும்.

இறக்கத்தில், ஏறும்போது எந்த கியரோ அதே கியர். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது வடிகட்டின முட்டாள்தனம். பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் சூடேறி, டிஸ்க் பிரேக்கின் எண்ணெய் கொதிக்கும். லீவர் பஞ்சுபோல அமுங்கும், வண்டி நிற்காது. டாட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை தாங்கும்; காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் அது 155 வரை இறங்கிவிடலாம். மாற்றி வெகுநாளாகிவிட்டதென்றால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள்.

முதல் பயணத்துக்குச் சுற்றிவரும் பாதை வேண்டாம். ஏறிய வழியிலேயே இறங்குங்கள். மணலும் பள்ளமும் எங்கெங்கே என்று தெரிந்திருக்கும். மலை மறைத்துச் சீக்கிரமே இருட்டிவிடும் என்பதால் மதியத்துக்குள் திரும்பத் தொடங்கிவிடுங்கள்.