ஃபைகஸ் போன்சாய்: மருந்து அடிக்கும் முன் வேரைப் பாருங்கள்

கேள்வி: ஜனவரியில் லால்பாக் பூக்கண்காட்சி சமயத்தில் ஒரு நர்சரியில் ஃபைகஸ் (ஆல், அத்தி இன மரம்) போன்சாய் வாங்கினேன். பத்து வயது மரம் என்றார்கள். அல்சூரில் மூன்றாம் மாடி பால்கனியில் வைத்து, காலை மாலை தவறாமல் தண்ணீர் விடுகிறேன். மழை தொடங்கியதிலிருந்து இலைகள் மஞ்சளாகிக் கொட்டுகின்றன. சிலவற்றில் கரும்புள்ளியும் இருக்கிறது. கடையில் கொடுத்த கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லியை இரண்டு முறை அடித்தேன், 19:19:19 உரமும் கரைத்து ஊற்றினேன். நிற்கவில்லை. வேறு என்ன மருந்து அடிக்கலாம்?
– வாசகி, பெங்களூரு

பதில்: மருந்தை அப்புறம் சொல்கிறேன் அம்மா. தினம் இரண்டு வேளைத் தண்ணீர், அதற்கு மேல் மழை. வேர் அழுகல் என்றுதான் எனக்குப் படுகிறது. கரும்புள்ளி பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

உறுதி செய்துகொள்ள மரத்தைத் தட்டிலிருந்து வெளியே எடுங்கள். கறுத்த வேர் ஒன்றை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் உறைபோலக் கழன்று, நடுவிலுள்ள நூல் மட்டும் நின்றால் அது அழுகிய வேர். சாக்கடை வாடையும் அடிக்கும். நல்ல வேர் விறைப்பாக இருக்கும், நுனி வெளுத்திருக்கும்.

நர்சரிக்காரர்கள் மீது எனக்குள்ள கோபம் இங்கேதான். செம்மண்ணையும் சாணத்தையும் பிசைந்து தட்டில் அடைத்து, மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி விற்கிறார்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. வயதைக் கூட்டிச் சொல்லி விலை ஏற்றுவது தனிக்கதை.

தொட்டி எதுவானாலும், தண்ணீர் வடிந்த பிறகும் அடியில் ஓர் அடுக்கு ஈரம் தங்கும். அது எவ்வளவு உயரம் என்பது மண் துகளின் பருமனைப் பொறுத்தது. தொட்டியின் ஆழத்தைப் பொறுத்ததல்ல. ஆழமான தொட்டியில் அடி இரண்டு அங்குலம் ஊறிக் கிடந்தாலும் மேல்வேருக்குக் காற்று கிடைக்கும். இரண்டு அங்குலத் தட்டில் அதே மண்ணைப் போட்டால் முழுத் தட்டும் சேறு. நம்பிக்கை வராவிட்டால், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்க வைத்துப் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் செங்குத்தாக நிமிர்த்துங்கள், மறுபடியும் கொட்டும். அடியில் ஜல்லி பரப்பினால் சரியாகிவிடும் என்பார்கள். ஆகாது. ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி உட்காரும், அவ்வளவுதான்.

ஆகவே மண்ணை மாற்றுங்கள். போன்சாய்க்கென்று விற்கும் அகடாமா என்ற ஜப்பான் களிமண் குருணையை ஆன்லைனில் கொள்ளை விலைக்கு வாங்க வேண்டாம். அதுவும் நாளடைவில் நொறுங்கிச் சேறாகும். சுட்ட செங்கல் போதும். துவரம்பருப்பு அளவுக்கு உடைத்து, மாவு சலிக்கும் சல்லடையில் தூளை ஒட்டச் சலித்து எறியுங்கள். இந்தத் தூளைச் சோம்பலில் விட்டுவிடுபவர்கள்தான் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். மூன்று பங்கு செங்கல், ஒரு பங்கு பருமணல், ஒரு பங்கு மக்கிய இலை உரம். கட்டுமான இடங்களில் கிடக்கும் சிமென்ட் பிளாக் வேண்டாம், சுண்ணாம்புத் தன்மை ஏறும்.

சிகிச்சை இதுதான். கத்தரியை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகிய வேரை நல்ல பாகம் தெரியும்வரை வெட்டி, மீதியைக் கழுவுங்கள். தட்டில் திரும்ப நடாமல் ஒரு மண் தொட்டியில் நட்டு, ஆடாதபடி கம்பியால் கட்டுங்கள். மழைக்காலத்தில் வேரைத் தொடலாமா என்று தயங்க வேண்டாம். அழுகலுக்கு நாள் பார்க்க முடியாது, பெங்களூரு குளிர் ஃபைகஸைக் கொல்லவும் செய்யாது.

இப்போது மருந்து. பித்தியம், பைட்டோப்தோரா என்ற நீர்ப்பூஞ்சைகளால் வரும் வேர் அழுகலைக் கார்பன்டாசிம் தொடாது. எந்தப் பூஞ்சை என்று கேட்காமல் கைக்கு எட்டிய பொட்டலத்தைத் தருவது கடைக்காரர் வழக்கம். மெட்டலாக்சில்–மான்கோசெப் கலவையை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு, வேர்ப்பகுதியில் ஒருமுறை ஊற்றுங்கள். பதினைந்து நாள் கழித்து ட்ரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் முன்னது பின்னதைக் கொன்றுவிடும். 19:19:19 டப்பாவை மூடி வையுங்கள். புதுத் தளிர் விரியும்வரை எந்த உரமும் கூடாது.

மழை நேராக விழாத, வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். தண்ணீருக்குக் கடிகாரம் பார்க்காமல், ஒரு குச்சியை மண்ணில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். ஈரம் ஒட்டியிருந்தால் அன்று தண்ணீர் இல்லை.

புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரத்தொட்டியில் போட வேண்டாம். கிளையை ஊசியால் குத்திப் பாருங்கள். பால் வந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. அடிமரத்தில் பால் இல்லாமல் மேல்கிளையில் மட்டும் வந்தால், காத்திருக்காமல் பென்சில் தடிமனில் இரண்டு மூன்று குச்சிகளை வெட்டி, பால் நின்றதும் அதே செங்கல் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். ஃபைகஸ் குச்சி சுலபமாக வேர் பிடிக்கும்.